பஞ்சில் வராத பொட்டு

எனக்குப் பூஞ்சைகளைப் பிடிக்கும். நுண்ணுயிரியல் படிக்கப் போன முதல் வருடமே அந்தக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஆய்வகத்தில் ஈரமான ரொட்டித் துண்டு ஒன்றை மூடிவைத்து, அதன்மேல் பஞ்சு மாதிரி வெள்ளையாக எழுந்து வருவதையும், பிறகு அந்தப் பஞ்சின் நுனியெல்லாம் கறுப்புக் குண்டூசித் தலைகள் முளைப்பதையும் பார்த்துக்கொண்டே நிற்பேன். நுண்ணோக்கி வழியாக எடுத்த படங்களை அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்புவேன். "ஏட்டி, சோறு தின்னுகிட்டிருக்கேன். இப்பவா அனுப்புவ இத?" என்று குரல் செய்தி வரும். அதன் பின்னாலேயே இன்னொரு குரல் கேட்கும். "சித்தி, இன்னும் அனுப்பு. கறுப்பு உருண்ட வச்சது அனுப்பு." அது அக்கா மகள். பூஞ்சைகளுக்கு எங்கள் குடும்பத்தில் இருந்த இன்னொரு ரசிகை அவள் ஒருத்திதான்.

அவளுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தாள். கால் வலிக்கிறது என்றாள். ஓடி விளையாடுகிற பிள்ளைதானே என்று தைலம் தேய்த்தார்கள். தேய்த்த இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. நாகர்கோவிலில் ரத்தம் பார்த்த மருத்துவர் அன்றைக்கே திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். அத்தான் மஸ்கட்டில் இருந்தார். நான் முதுகலை முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருந்த நேரம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீடு இராஜாக்கமங்கலம் போகிற வழியில், வயலை ஒட்டி இருக்கிறது. அக்கா, பிள்ளை, மைனி, நான். மைனி என்பது அத்தானின் அக்கா. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். அக்கா கூப்பிடுவதைப் பார்த்து நானும் மைனி என்றே கூப்பிட்டேன்.

கீமோ மருந்து ஏறும்போது அது கெட்ட அணுக்களோடு நல்ல வெள்ளை அணுக்களையும் சேர்த்து அழித்துவிடும். வெள்ளை அணு இல்லாத உடம்பு காவலுக்கு ஆள் இல்லாத வீடு. நமக்கெல்லாம் ஒன்றும் செய்யாத கிருமிகூட அதற்குள் தைரியமாக ஏறிப்போகும். இதை மருத்துவமனையில் சொன்னதைவிட நான் வீட்டில் பத்து மடங்கு சொன்னேன். பூ கூடாது. மண்தொட்டி கூடாது. வாசலில் கிடந்த வைக்கோலை அப்புறப்படுத்த வைத்தேன். பார்க்க வருகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். "இந்த வீட்டுக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷன் வந்திருக்கு" என்று அக்கா சொல்வாள்.

மைனி எல்லாவற்றுக்கும் உடன்பட்டார். ஒன்றைத் தவிர.

"பூ வேண்டாம்னே, விட்டாச்சு. திருநீறு பூசண்டாம்னே, அதையும் விட்டாச்சு. இனி பிள்ளைக்க கன்னத்துல ஒரு பொட்டும் வைக்கப்பிடாதா? ஜன்னல்ல வந்து நிக்க அத்தன பேருக்க கண்ணும் அதுக்க மேலயில்லா கெடக்கு."

"கண்ணுல கிருமி இல்ல மைனி. மையில இருக்கும்."

"அப்போ புது டப்பா வாங்கிட்டு வா. நீயே பிரி. நீயே எடுத்துத் தா. நான் வைக்கேன்."

அந்த ஒரு சண்டையில்தான் நான் தோற்றேன். வடசேரிச் சந்தைக்குப் போன அன்று ஒட்டுப் பிரிக்காத கண்மை டப்பா ஒன்று வாங்கி வந்தேன். ஒவ்வொரு தடவையும் உறையிலிருந்து பஞ்சு முனை வைத்த ஒரு புது பட்ஸ் எடுத்து நான் நீட்ட வேண்டும், மைனி அதில் மை தொட்டு வைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அறுவைசிகிச்சைக்கு ஆயத்தமாகிற மாதிரி நாங்கள் இரண்டுபேரும் நிற்பதைப் பார்த்துப் பிள்ளை சிரிப்பாள். தலையில் ஒரு முடி இல்லை, புருவமும் போய்விட்டது. அந்த வெறும் முகத்தில் இடது கன்னத்துக் கறுப்புப் பொட்டு ஒன்றுதான் யாரோ பார்த்துப் பார்த்துச் செய்த அலங்காரம். எனக்கே அது பிடிக்கத் தொடங்கிவிட்டது. சில நாள் மைனி வேலையாக இருந்தால் அக்கா வைப்பாள். ஒன்றிரண்டு தடவை நானும் வைத்திருக்கிறேன்.

முகத்தைத் தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைவு, தோல் பூப்போல இருக்கும், ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும் என்று. அதனால் ஒரு பொட்டு வைத்தால் அது மறுநாளும் கிடக்கும். பாதி அழிந்து மங்கலாகக் கிடப்பதன்மேலேயே இன்னொன்று ஏறும். அவள் கன்னத்தில் கறுப்பு இல்லாத நாளே கிடையாது.

ஒரு முறை கீமோ மருந்து ஏறியபிறகு வாய் முழுக்கப் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு, அது நகராமல் இருக்க இடது கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். புண் ஆறத் தொடங்கியதும் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிளாஸ்திரி உரித்த இடம் சிவந்து கிடந்தது. "ஐயோ, எனக்க தங்கத்துக்கு" என்று மைனி அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். அது அவர் வைத்ததுதான். அது ஓரிரு நாளில் அழிந்தும் போயிற்று.

பிறகு ஒருநாள் காலை. அத்தான் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்தார். நான் வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சுமாகப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"இண்ணைக்குப் பொட்டு நல்ல வட்டமா இருக்கே. யாரு மக்கா வச்சது?" என்றார் அத்தான்.

"சித்தியா இருக்கும்."

"நான் வைக்கல்லியே" என்றேன். அடுக்களையைப் பார்த்து, "அக்கா, நீ வச்சியா?" என்றேன்.

"இல்ல. மைனி வச்சிருப்பாங்க."

மைனி வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். "நான் எங்க வச்சேன்? நேத்து பாக்கும்போதே இருந்துதே. நீங்க ரெண்டுபேர்ல யாரோ வச்சதுன்னுல்லா நெனச்சேன்."

பஞ்சை நனைத்துப் பொட்டின்மேல் ஒற்றினேன். எடுத்துப் பார்த்தேன். பஞ்சு வெள்ளையாக இருந்தது. இன்னொரு பஞ்சு எடுத்து, இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தினேன். அதுவும் வெள்ளை. மிளகை விடக் கொஞ்சம் பெரிய கறுப்பு, அதைச் சுற்றி வெளிறிய செந்நிறத்தில் ஒரு வளையம்.

"வலிக்கா மக்கா?"

"இல்ல சித்தி."

விரல் நுனியால் தொட்டேன். "இப்போ?"

"ஒண்ணுமே தெரியல்ல."

கறுத்திருந்து, தொட்டாலும் வலியில்லை என்றால் அந்த இடத்துத் தோல் செத்துவிட்டது என்று பொருள். பாடத்தில் ஒரே ஒரு வரியாக வரும். தேர்வுக்காக அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறேன். போனில் அத்தான், "என்னாச்சு? ஏட்டி, போனத் திருப்பு, பிள்ளையக் காட்டு" என்று கத்திக்கொண்டிருந்தார். காய்ச்சல் இல்லை. அவளைப்போல ஸ்டீராய்டு கொடுக்கிற பிள்ளைகளுக்குக் காய்ச்சல்கூடச் சில சமயம் வெளியே தெரியாது என்பதைப் பிறகு சொன்னார்கள். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தக் கறுப்புக்கும் அவள் கண்ணுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தது.

காரில் ஏறியதிலிருந்து அக்கா அந்த இரண்டு விரலை அளந்துகொண்டே வந்தாள். பிள்ளையின் கன்னத்தில் தொடாமல் மேலாக விரல்களைப் பிடித்துப் பார்ப்பாள். மார்த்தாண்டத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பிள்ளைக்கு மட்டும் சந்தோஷம். எத்தனையோ நாளுக்குப் பிறகு கடைகளைப் பார்க்கிறாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டப் போனவளைப் பிடித்து இழுத்தேன். "அங்க பாரு சித்தி, பழ பஜ்ஜி போடுகாங்க" என்றாள். அக்கா ஒருபோதும் காரில் அழுததில்லை. அன்றைக்கு அந்தப் பழ பஜ்ஜிக்கு அழுதாள்.

மருத்துவமனையில் எங்களைப் பார்த்தவர் இளம் மருத்துவர், பெண். மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். "எந்தா மோளே, நல்ல பொட்டு வச்சிருக்கே" என்று சிரித்துக்கொண்டே வந்தார். "அது பொட்டு இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. அவருடைய சிரிப்பு நின்ற விதத்தை நான் பார்த்தேன். கையுறை மாட்டினார், டார்ச் அடித்தார், மூக்குக்குள் பார்த்தார், வாயில் அண்ணத்தைப் பார்த்தார். அங்கெல்லாம் கறுப்பு இல்லை என்று அவர் சொன்னபோதுதான் நான் மூச்சு விட்டேன். அன்றைக்கே அந்த இடத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள்.

நான் என் படிப்பைச் சொல்லி, கெஞ்சி, ஆய்வகத்து நுண்ணோக்கியில் ஒருமுறை கண் வைக்க அனுமதி வாங்கினேன். வாங்கியிருக்க வேண்டாம். நாடா மாதிரி அகன்ற இழைகள், குறுக்குச் சுவர் ஏதும் இல்லாமல், செங்கோணத்தில் கிளை பிரிந்து கிடந்தன. யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் ரொட்டியில் வளர்த்து, படமெடுத்து, அக்காவின் சோற்று நேரத்துக்கு அனுப்பி வைத்தேனே, அதன் பங்காளி. நுண்ணோக்கிக்கு அது ரொட்டியா கன்னமா என்று தெரியாது. ஒரே மாதிரி அழகாகக் காட்டுகிறது.

அக்காவிடம் சொல்கிற வேலை எனக்கு வந்தது. மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். இது எங்கும் இருக்கிற பூஞ்சை, காற்றில், தூசியில், மண்ணில், வைக்கோலில். நம்மை ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி அறவே இல்லாத உடம்பில், அதுவும் தோல் உரிந்த ஒரு சின்ன இடம் கிடைத்தால், மிக அபூர்வமாக உள்ளே இறங்கிவிடும். பிளாஸ்திரி உரிந்த இடம் வழியாகப் போயிருக்கலாம். ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டு போகும், அதனால்தான் சதை கறுக்கிறது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரொட்டி பூத்துப்போகுமே, அதா?" என்றாள்.

"அந்தக் குடும்பம்."

"எனக்க பிள்ளைக்க முகத்துலயா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் உதறவில்லை.

ஸ்கேனில் கண்குழி, எலும்பு, மூக்கை ஒட்டிய அறைகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. பூஞ்சை தோலிலும் அதன் அடியிலும் மட்டும் இருந்தது. ஆனால் அது எந்த நேரமும் நகரலாம். கீமோவையும் ஸ்டீராய்டையும் நிறுத்தினார்கள். வெள்ளை அணுக்கள் எழுந்து வந்தால்தான் பிழைப்பு. நிறுத்திய நேரத்தில் புற்று திரும்பத் தலை தூக்காமலும் இருக்க வேண்டும். பூஞ்சையைக் கொல்ல மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்தை ஒளி படாமல் மூடி, சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அது ஏறும்போதெல்லாம் பிள்ளை கிடுகிடுவென்று நடுங்குவாள். அக்கா கட்டிலில் ஏறி அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு போர்வையைச் சுற்றிக்கொள்வாள். இரண்டுபேரும் சேர்ந்து நடுங்குவார்கள்.

கறுப்பைச் சுற்றி மருத்துவர் பேனாவால் ஒரு கோடு வரைந்தார். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க. "எனக்க முகத்துல ரோடு போட்டிருக்காங்க" என்று பிள்ளை அத்தானிடம் போனில் சொன்னாள். அவளிடம் எதை மறைத்தாலும் பயனில்லை. என்ன அது என்று கேட்டாள். நான் சொன்னேன்.

"நீ ரொட்டியில வளத்தியே, அந்த மாதிரியா?"

"ஆமா மக்கா."

"அதுக்கு வாய் உண்டா?"

"இல்ல. வாயில்லாமலே தின்னும். கரைச்சு உறிஞ்சிக்கிடும்."

வாய்ப்புண் இன்னும் முழுதாக ஆறியிருக்கவில்லை. "அதுக்கு வாயே இல்ல, என்னைத் தின்னுகு. எனக்கு வாய் உண்டு, ஒரு இட்லி தின்ன முடியல்ல. என்ன நியாயம் சித்தி?"

அக்கா, "ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்று அதட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சிவப்பு கோட்டைத் தொட்டது. மருந்து மட்டும் போதாது, வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். அறுவைசிகிச்சை செய்கிறவர் அதிகம் பேசாதவர். "செத்த தசையை எடுப்போம். ரத்தம் வருகிற இடம்வரை போவோம். ரத்தம் வந்தா அது உயிருள்ள தசை. அங்கே நிறுத்திடலாம். மேலே கண் பக்கம் எவ்வளவு தூரத்துல ரத்தம் வருதுன்னு உள்ளே போனாத்தான் தெரியும்" என்றார். அதுவரை ரத்தம் என்றாலே எங்கள் வீட்டில் பயம். பல் தேய்த்து ஒரு சொட்டு வந்தால் அலறுவோம். அன்று கதவுக்கு வெளியே உட்கார்ந்து அக்கா, "ரத்தம் வரணும், ரத்தம் வரணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் யாரோ ஒரு அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

வெளியே வந்தவர் தம் கட்டைவிரல் நகத்தைக் காட்டி, அதுபோல இரண்டு மடங்கு எடுத்ததாகச் சொன்னார். பிறகு, "கண்ணுக்குக் கீழே ஒரு விரல் இடம் விட்டே நல்லா ரத்தம் வந்தது" என்றார். அக்கா உட்கார்ந்தபடியே அவரைக் கும்பிட்டாள்.

மைனி மாற்றுத் துணியோடு மறுநாள் வந்தார். வார்டு வாசலோடு நின்றுவிட்டார். கட்டுப் போட்ட முகத்தை அங்கிருந்தே பார்த்துக்கொண்டு, "நான் வரல்ல. எனக்க கைதான் பிள்ளைக்க முகத்துல பட்டது. நான் வச்ச மைதான்" என்றார். பிளாஸ்திரி, தூசி, காற்று என்று நான் எவ்வளவோ சொன்னேன். அந்த டப்பாவில் ஒன்றும் இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், நம்பவில்லை.

பிள்ளை கட்டிலிலிருந்து கூப்பிட்டாள். கட்டுக்குள்ளிருந்து வார்த்தை கொழகொழவென்று வந்தது.

"அத்த, நீங்க வச்ச பொட்டு அழியும்லா?"

"அழியும் மக்கா."

"இது அழியல்லியே. பஞ்சுல வரவே இல்ல. அப்போ இது ஒங்க பொட்டு இல்ல." வழக்கு முடிந்தது என்பதுபோல் கையை நீட்டினாள். "இங்க வந்து இருங்க."

மைனி வந்து உட்கார்ந்தார். அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. நுண்ணுயிரியலில் முதுகலை வாங்கிய நான் அதன்பிறகு பிளாஸ்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளை அணுக்கள் மெல்ல எழுந்து வந்தன. சிவப்பு பேனாக் கோட்டிலிருந்து பின்வாங்கியது. இன்னொரு முறை கொஞ்சம் சுத்தம் செய்தார்கள், அதில் எடுத்த துணுக்கில் பூஞ்சை இல்லை. அத்தான் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து, வாசலில் நின்று, கட்டில்லாத கன்னத்தை முத்தமிடலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். போலீஸ் ஸ்டேஷன் அன்றைக்கு அனுமதித்தது, முகக்கவசத்தோடு. பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்துக் கன்னத்தில் ஒட்டினார்கள். பூஞ்சை மாத்திரையோடு சேர்த்துக் கீமோவை மறுபடி தொடங்கினார்கள். அதன் ஒவ்வொரு சுற்றிலும் நாங்கள் பட்ட பயமும் வெப்ராளமும் தனிக்கதை. காலையில் எழுந்ததும் அக்கா ஜன்னலோரம் பிள்ளையை நிறுத்தி, வெளிச்சத்தில் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள். வேனல் கட்டியா, கொசுக்கடியா, எதுவானாலும் ஈரப் பஞ்சு வரும். அந்த முகத்தில் இனி யாரும் எதையும் வைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. யாரும் வைக்கவில்லை. மை டப்பா கண்ணில் படாமல் போயிற்று.

இப்போது வீட்டிலேயே மாத்திரை மட்டும் சாப்பிடுகிற கட்டம். தலையில் முடி சுருட்டையாக வந்திருக்கிறது, முன்பு நேராக இருந்தது. இடது கன்னத்தில் ஒட்டிய தோல் சற்று வெளுத்து, நடுவில் கொஞ்சம் குழிந்திருக்கிறது. வளர்ந்தபிறகு வேண்டுமானால் சரிசெய்யலாம் என்றிருக்கிறார்கள். சிரித்தால் அந்தக் குழி ஆழமாகும். "எனக்கு ஒரு பக்கம் மட்டும் கன்னக்குழி" என்று அவள் எல்லாரிடமும் காட்டுவாள்.

பள்ளிக்கு மறுபடி போகலாம் என்று சொல்லியனுப்பிய வாரம். அன்று காலை அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் புத்தகப் பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை புதுச் சீருடையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அக்கா திரும்பினாள்.

வலது கன்னத்தில் கறுப்பு. மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக.

அக்காவிடமிருந்து வந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சட்டுவம் அடுப்பிலேயே கிடந்தது. குழாயில் பஞ்சை நனைத்துக்கொண்டு பாய்ந்தாள். ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஒற்றினாள். ஒற்றவில்லை, தேய்த்தாள். பிள்ளை, "அம்மா! அம்மா, விடு! வலிக்கு!" என்று திமிறினாள்.

அக்கா பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. மறுபடி தேய்த்தாள். இன்னும் வந்தது. கன்னம் சுத்தமாகி வெறும் தோல் சிவக்கிறவரை தேய்த்துவிட்டு, பஞ்சை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பஞ்சுல வந்துட்டு, ஏட்டி. பாரு. வந்துட்டு."

"எவ்வளவு நேரம் எடுத்து வட்டமா வச்சேன்!" பிள்ளைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "அரிசி டப்பாவுக்குள்ள கெடந்து தேடி எடுத்தேன். நாசமாக்கிட்டியே. பள்ளிக்கூடத்துல எல்லாரும் என்னையேல்லா பாப்பாங்க, எனக்குக் கண்ணுபடாதா?"

மைனி பின்கட்டு வாசலில் நின்றிருந்தார். அரிசி டப்பாவுக்குள் ஒளித்தது யார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அந்தப் பஞ்சை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், என்னவோ செய்தாள். அடுப்பில் தோசை கருகுகிற வாசனை வந்தது. யாரும் போகவில்லை.

"சரி, இனி நீயே வச்சுத் தா" என்று பிள்ளை கன்னத்தைத் தாயின் முன்னால் கொண்டுபோய் நீட்டினாள். "வட்டமா இருக்கணும்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மைனியைப் பார்த்தாள். "மைனி, எனக்குக் கை நிக்காது. நீங்க வாங்க."

மைனி என்னைப் பார்த்தார். நான் புது பட்ஸ் எடுக்கப் போனேன்.